யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சிக்கலான சுவிஸ் மணிக்கூடு சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

சுவிஸில் இருக்கும் மாமா ஊருக்கு வரும்போது "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். "ஒரு நல்ல மணிக்கூடு" என்று சொல்லிவிடுவோம். பெட்டி வந்து, திறந்து, கையில் கட்டி, ஒரு மாதம் போன பிறகு நாள் பிழையாகக் காட்டும், அல்லது ஸ்டொப்வொச் முள் பூச்சியத்துக்குத் திரும்பாது. அந்த நிலையில்தான் பலர் என்னிடம் வருகிறார்கள். பன்னிரண்டு வருடங்களாக இந்த மணிக்கூடுகளைச் சேர்க்கிறேன். என் மணிக்கூடுகளில் நான் விட்ட பிழைகளும் மற்றவர்களுடையதில் பார்த்த பிழைகளும் அநேகமாக ஒன்றுதான். செய்ய வேண்டியவை எல்லாருக்கும் தெரியும், செய்யும் வரிசைதான் மாறிப் போகிறது.

நேரம் காட்டுவதைத் தவிர ஒரு மணிக்கூடு செய்யும் ஒவ்வொரு வேலையையும் கொம்ப்ளிக்கேஷன் என்பார்கள். நாள், நிலவு, ஸ்டொப்வொச், இரண்டாவது நாட்டு நேரம், மணி அடிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். பற்றரி இல்லாமல், சுருள் வில்லின் இழுவையில் மட்டும் இவற்றைச் செய்யும் மணிக்கூடுகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

1. பழுது பார்ப்பவரை முதலில் தேடுங்கள்

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. உள்ளே இருக்கும் எண்ணெய் சில வருடங்களில் காய்ந்துவிடும். ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் கழற்றி, கழுவி, எண்ணெய் இட்டுப் பூட்ட வேண்டும். எண்ணெய் காய்ந்த பிறகும் மணிக்கூடு ஓடும். பாகங்கள் எண்ணெய் இல்லாமல் உரசிக்கொண்டே ஓடும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே அச்சுகள் தேயும்.

யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்துபவர்கள் கைப்பழக்கத்தில் குறைந்தவர்கள் அல்ல. மூன்று முள் மட்டும் உள்ள சாதாரண சுவிஸ் மெஷினை ஒழுங்காகத் திறந்து பூட்டக்கூடியவர்களை நான் இங்கேயே பார்த்திருக்கிறேன். ஸ்டொப்வொச் உள்ளதற்கு அந்த எண்ணிக்கை குறையும். மாதத்துக்கு எத்தனை நாள் என்று தானே கணக்கிட்டு மாற்றும் நிரந்தர நாட்காட்டி அல்லது மணி அடிக்கும் மெஷின் என்றால் அது செய்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதிரிப்பாகங்களைப் பல நிறுவனங்கள் வெளியே விற்பதில்லை. எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பாகம் இல்லாமல் அவர் என்ன செய்வார்?

அதனால் ஒரு கொப்பியில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இதை யார் திறப்பார்? அங்கே யார் கொண்டுபோவார்? அது இல்லாமல் எத்தனை மாதம் இருப்பேன்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றால் அந்த மணிக்கூட்டை இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

திருத்துபவரிடம் போகும்போது "நல்லாச் செய்வீங்களோ?" என்று கேட்பதில் பயனில்லை. ஓட்டத்தைப் பரிசோதிக்கும் டைம்கிராஃபர் கருவி இருக்கிறதா, எந்த இடத்துக்கு எந்த எண்ணெய் போடுகிறார், பூட்டிய பிறகு நீர் புகாமையைச் சோதிக்க வழி உண்டா என்று கேளுங்கள். ஒரே குப்பி எண்ணெயை எல்லா இடத்துக்கும் போடுபவரிடம் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுழலும் சில்லின் அச்சுக்கு மெல்லிய எண்ணெயும், அதிக அழுத்தம் தாங்கும் இடத்துக்குத் தடித்த எண்ணெயும் வேண்டும். "இதை நான் தொட மாட்டன் தம்பி" என்று நேராகச் சொல்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். தன் எல்லை தெரிந்தவரை நம்பி மற்ற மணிக்கூடுகளைக் கொடுக்கலாம்.

2. எந்த வேலை செய்யும் மணிக்கூடு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பிராண்டின் பெயரிலிருந்து தொடங்குபவர்கள்தான் அதிகம். வேலையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பலவீனம் உண்டு, நீங்கள் அதோடுதான் வாழப் போகிறீர்கள். நான் சொல்லும் வரிசை எளிதிலிருந்து கடினத்துக்குப் போகிறது. இந்த வரிசையில் ஏறினால் கையும் பழகும், காசும் தப்பும்.

இரண்டு நாட்டு நேரம். வெளிநாட்டில் உறவுகள் இருப்பதால் இங்கே எல்லாருக்கும் முதலில் பிடிப்பது இதுதான். ஆனால் எங்கள் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. சுவிஸ் குளிர்காலத்தில் எங்களுக்கு நாலரை மணி பின்னால், கோடையில் மூன்றரை மணி பின்னால். ஜி.எம்.டி. என்று சொல்லும் இந்த வகை மணிக்கூடுகளில் பெரும்பாலானவற்றில் இரண்டாவது நேரத்தை முழு மணியாக மட்டுமே தள்ளலாம், நிமிட முள் இரண்டு நாட்டுக்கும் பொது. ஆகவே அந்த அரை மணி எப்போதும் இடிக்கும். இங்கே இரவு 9.30, குளிர்காலம் என்று வையுங்கள். இரண்டாவது நேரத்தைக் காட்டும் 24 மணி முள்ளை நாலு மணி பின்னால் வைத்திருந்தால் அது 17.30 காட்டும், சுவிஸில் உண்மையில் 17.00. அரை மணியை மனதில் கழித்துக்கொள்ளப் பழக வேண்டும். கண்ணாடியைச் சுற்றியுள்ள மேல்வளையம் அரை மணி நிலையிலும் நிற்குமானால் அதைத் திருப்பிச் சரிசெய்யலாம். உலக நேர மணிக்கூடு வாங்குபவர்கள் அரை மணி வலயங்களையும் காட்டுகிறதா என்று பாருங்கள். வஷெரோன் கொன்ஸ்டன்டினின் ஓவர்சீஸ் உலக நேர மணிக்கூடு 37 வலயங்களைக் காட்டும், எங்களுடையதும் அதில் உண்டு. 24 நகரம் மட்டும் உள்ள பல டயல்களில் எங்களுக்கு இடமே இல்லை.

ஸ்டொப்வொச், அதாவது குரொனோகிராஃப். முதல் சிக்கலான மணிக்கூடாக நான் எல்லாருக்கும் சொல்வது இது. அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அழுத்தினால் பூச்சியத்துக்கு வரும். என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும், பழுதும் உடனே தெரியும். பழைய மணிக்கூட்டைச் சோதித்து வாங்கப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

நிலவு. இதில் எனக்குத் தனிப் பாசம். பூரணைக்கு நாடு முழுவதும் விடுமுறை. நிலவு காட்டும் மணிக்கூட்டை அப்படிப்பட்ட ஊரில் கட்டினால் அது அலங்காரமாக நிற்காது, பார்த்துப் பயன்படுத்துவோம். சாதாரண நிலவுத் தட்டில் 59 பற்கள், இரண்டு நிலவுகள். ஒரு சுற்றை 29.5 நாளாக அது எண்ணும். உண்மையான சுற்று 29 நாள் 12 மணி 44 நிமிடம். அந்த 44 நிமிடம் சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ இரண்டு வருடம் ஏழு மாதத்தில் ஒரு நாள் பிழையாகும். 135 பல் உள்ள தட்டில் அதே ஒரு நாள் பிழை வர ஏறத்தாழ 122 வருடம் ஆகும். ஆனால் மணிக்கூடு ஒருமுறை நின்றால் அந்த 122 வருடக் கணக்கும் அன்றோடு போய்விடும். அந்தத் துல்லியத்துக்காக மட்டும் இரட்டை விலை கொடுக்காதீர்கள்.

வருட நாட்காட்டியும் நிரந்தர நாட்காட்டியும். 1996இல் பட்டேக் பிலிப் என்ற சுவிஸ் நிறுவனம் கொண்டுவந்த வருட நாட்காட்டிக்கு 30 நாள் மாதமும் 31 நாள் மாதமும் தெரியும், பெப்ரவரி மட்டும் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் பிறக்கும்போது கையால் திருத்த வேண்டும். நிரந்தர நாட்காட்டிக்கு லீப் வருடமும் தெரியும். 2100ஆம் ஆண்டு நான்கால் வகுபட்டாலும் லீப் வருடம் இல்லை, அந்த மார்ச் 1 வரை திருத்தத் தேவையில்லை. இதெல்லாம் அது நிற்காமல் ஓடினால்தான். மூன்று நாள் கழற்றி வைத்தால் நாள், கிழமை, மாதம், லீப் வருடம், நிலவு எல்லாம் மறுபடி வைக்க வேண்டும். தினமும் கட்ட மாட்டேன் என்பவருக்கு வருட நாட்காட்டியே போதும் என்பது என் தீர்ப்பு.

மணி அடிப்பது, அதாவது மினிட் ரிப்பீட்டர். பக்கத்து நெம்பைத் தள்ளினால் மணி, கால் மணி, நிமிடம் மூன்றையும் அடித்துச் சொல்லும். அடித்து முடியும்வரை முள்ளைத் திருப்பக் கூடாது, உள்ளே பாகம் முறியும். கேட்கக் கிடைத்தால் கேளுங்கள், அவ்வளவு அழகு. முதல் பத்து வருடம் அதை வாங்க நினைக்க வேண்டாம்.

டூர்பியோன் பற்றியும் கேட்பார்கள். சட்டைப்பையில் செங்குத்தாக நிற்கும் மணிக்கூட்டில் புவியீர்ப்பால் வரும் பிழையைச் சமன் செய்ய வந்த ஏற்பாடு அது. கையோ எப்போதும் அசைந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்கு விருந்து, நேரத்துக்குப் பெரிய லாபம் இல்லை.

3. மெஷினின் பெயரைக் கேளுங்கள்

டயலில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே ஓடும் மெஷின் இன்னொன்றாக இருக்கலாம். பல சுவிஸ் நிறுவனங்களின் குரொனோகிராஃப்களில் ஓடுவது வல்ஜூ 7750 என்ற ஒரே மெஷின்தான். அதை ஒத்த செலிற்றா எஸ்.டபிள்யூ. 500உம் உண்டு. சின்ன டயல்கள் 12, 9, 6 மணி இடங்களில் இருந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம். தொடங்கும் பொத்தான் சற்று இறுக்கமாக இருக்கும், கையை ஆட்டினால் உள்ளே ரோட்டர், அதாவது கை அசைவில் சுற்றித் தானாகச் சாவி ஏற்றும் எடை, விர்ரென்று சுற்றுவது தெரியும். இரண்டும் பழுது இல்லை, அதன் இயல்பு.

முதல் மணிக்கூட்டுக்கு இதைத்தான் சொல்வேன். பாகம் கிடைக்கும், திறந்து பழகியவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், நாளைக்கு விற்றாலும் வாங்குபவர் பயப்பட மாட்டார். செனித் நிறுவனத்தின் எல் பிரிமேரோ மெஷின் மணிக்கு 36,000 தடவை துடிக்கும், பத்தில் ஒரு செக்கனை அளக்கும். ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் நிலவுப் பயண வகை கையால் சாவி கொடுப்பது. இரண்டும் அருமையானவை, இரண்டாவது மூன்றாவது இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. காசைப் பிரித்து வையுங்கள்

நூறு ரூபாய் இருந்தால் எண்பதுக்கு மணிக்கூடு பாருங்கள். இருபதைத் தொட வேண்டாம். பழையதாக வாங்கினால் முதல் வருடத்திலேயே ஒரு முழுச் சேர்விஸ் வரும், சிக்கல் கூடக் கூடச் செலவும் கூடும். ரூபாய்க்கும் பிராங்குக்கும் இடையே இருக்கும் மதிப்பு மாறினால் அந்த இருபதும் சுருங்கும்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் சேமிப்பு என்றால் தங்கப் பவுண். அவசரம் என்றால் காலையில் கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்குப் போய் மத்தியானத்துக்குள் காசோடு வரலாம். மணிக்கூடு அப்படி இல்லை. அதன் மதிப்புத் தெரிந்து வாங்குபவரைத் தேடவே மாதங்கள் ஆகும். தங்கக் கேஸ் உள்ள மணிக்கூட்டை நகைக்கடையில் நிறுத்தால் தங்கத்தின் எடைக்குத்தான் காசு, மெஷினுக்கு ஒரு சதமும் இல்லை. மகளின் கலியாணத்துக்கு என்று வைத்திருக்கும் காசில் மணிக்கூடு வாங்காதீர்கள்.

5. யாரிடம் வாங்குவது

புதிதாக வாங்கினால் நிறுவனம் அனுமதித்த விற்பனையாளர். உத்தரவாத அட்டையில் திகதி, இலக்கம், கடையின் முத்திரை மூன்றும் இருக்க வேண்டும்.

பழையதாக வாங்கினால் முதலில் விற்பவரைப் பாருங்கள். பல வருடம் கடை வைத்திருப்பவர், திருப்பி எடுப்பேன் என்று எழுதித் தருபவர் என்றால் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. சேர்விஸ் செய்த பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அழகான பெட்டியைவிட அந்தத் துண்டுக் கடதாசிக்கு மதிப்பு அதிகம். பெட்டி தனியாக விலைக்குக் கிடைக்கும். மெஷின் இலக்கமும் கேஸ் இலக்கமும் காகிதத்தோடு பொருந்த வேண்டும். பட்டேக் பிலிப், லோஞ்சின் போன்றவை பழைய மணிக்கூட்டின் விபரத்தைத் தங்கள் பதிவேட்டிலிருந்து எழுதித் தரும் வழக்கம் உண்டு. விலை பெரிதென்றால் வாங்கும் முன்பே அதைக் கேட்டு எடுங்கள்.

காசை வங்கி வழியே அனுப்புங்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் வழியே, அனுப்பிவிட்டுப் பொருள் பிழை என்றால் கொடுத்ததற்கே சாட்சி இல்லை.

6. கையில் எடுத்ததும் பார்க்கும் வரிசை

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மணிக்கூட்டைக் கையில் வாங்கியதும் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பார்கள். அப்படி ஒரு தம்பி, விற்பவரின் மேசையிலேயே நாள் பற்சில்லின் ஒரு பல்லை முறித்ததை நேரில் கண்டேன். நாள் மாறும் நேரத்தில், இரவு ஒன்பதுக்கும் அதிகாலை மூன்றுக்கும் இடையே முள் நின்றிருந்தது. அந்த நேரத்தில் நாளைத் தள்ளும் நெம்பு பல்லோடு கொளுவியிருக்கும். வெளியிலிருந்தும் தள்ளினால் இரண்டு பக்கமும் இழுபட்டு முறியும். டயலைப் பார்த்தால் காலை ஒன்பதா இரவு ஒன்பதா என்று தெரியாது. அதனால் இந்த வரிசையைக் கைவிடாதீர்கள்.

முதலில் ஒன்றையும் தொடாமல் பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் டயலின் எழுத்து, முள்ளின் நிறம், கேஸின் ஓரங்கள். பட்டி கொளுவும் கால்களின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். சவர்க்காரக் கட்டி போல வழவழத்திருந்தால் பல தடவை பொலிஷ் போட்டிருக்கிறார்கள், தேய்ந்த இரும்பு திரும்பி வராது. கண்ணாடியின் உட்பக்கம் மங்கலா, டயலின் ஓரத்தில் புள்ளியா என்று பாருங்கள், அது ஈரம் உள்ளே போன அடையாளம். பின்மூடி திறக்க அனுமதித்தால் ஆணித்தலைகளைப் பாருங்கள். பிளவு பிய்ந்திருந்தால் அளவு பொருந்தாத கருவியால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

அப்புறம் சாவி கொடுங்கள், இருபது முப்பது திருப்பு. கரகரப்பு இல்லாமல் ஒரே சீராக இறுகி வர வேண்டும். முழுச் சாவியில்தான் மற்றச் சோதனைகளுக்கு அர்த்தம் உண்டு. அரைச் சாவியில் நல்ல மணிக்கூடும் சோர்ந்துதான் ஓடும்.

மூன்றாவதாக முள்ளை முன்பக்கமாகத் திருப்பி நாள் மாறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நாள் மாறினால் அது நள்ளிரவு. அதிலிருந்து மேலும் திருப்பிக் காலை ஆறரைக்குக் கொண்டுவாருங்கள். இப்போதுதான் நாளைத் திருத்தும் பொத்தானைத் தொடலாம்.

நாலாவதாக ஸ்டொப்வொச். தொடங்கி, நிறுத்தி, பூச்சியத்துக்கு விடுங்கள். நடு முள் சரியாக 12இல் நிற்க வேண்டும். அரைக் கோடு தள்ளி நின்றாலும் விலையில் பேசுங்கள். பிறகு மறுபடி தொடங்கி அரை மணி நேரம் ஓட விடுங்கள். நிமிட எண்ணி ஒவ்வொரு நிமிடமும் ஒரு கோடு நகர்கிறதா, அரை மணி முடியும்போது மணி எண்ணி மெல்ல நகர்ந்து பாதி மணிக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "ஓகே" என்று வாங்கியவர்கள்தான் அடுத்த கிழமை வருவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பூச்சியப் பொத்தானை அழுத்தாதீர்கள். அதற்கென்றே செய்த ஃப்ளைபாக் வகைக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

நாட்காட்டி என்றால் முள்ளைத் திருப்பிக் குறைந்தது இரண்டு மாத முடிவுகளைத் தாண்டுங்கள். நிரந்தர வகையில் பெப்ரவரி 28இலிருந்து மார்ச் 1க்குத் தானாகப் பாய்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் விற்பவரின் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்தின் சில மெஷின்களில் எல்லாவற்றையும் சாவி கொடுக்கும் குமிழ் ஒன்றே முன்னால் தள்ளும், பின்னால் வராது. நாலு மாதம் கூடத் தள்ளிவிட்டால் நிறுத்தி வைத்து அந்த நாலு மாதமும் காத்திருக்க வேண்டும், அல்லது அனுப்ப வேண்டும்.

கடைசியாக டைம்கிராஃபரில் வையுங்கள். துடிப்பைக் கேட்டு மூன்று எண்கள் சொல்லும். ஒன்று, நாளொன்றுக்கு எத்தனை செக்கன் கூடுகிறது, குறைகிறது. சுவிஸ் குரொனோமீட்டர் சோதனையான சி.ஓ.எஸ்.சி.யின் எல்லை −4 முதல் +6 வரை. பழைய மணிக்கூட்டுக்கு இருபது செக்கன் வரை பயமில்லை, திருத்தலாம். இரண்டு, பலன்ஸ் சில்லின் வீச்சம், அதாவது இங்கும் அங்கும் ஆடி ஓட்டத்தை நிர்ணயிக்கும் சில் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பது. முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க 270 முதல் 310 பாகை நல்லது, 250க்குக் கீழே என்றால் சேர்விஸ் செலவை விலையில் கழியுங்கள். மூன்று, டிக்குக்கும் டக்குக்கும் உள்ள வித்தியாசம், 0.8 மில்லிசெக்கனுக்குள் இருக்கட்டும். வீச்சத்தைக் கணக்கிட, மெஷினுக்கு மெஷின் மாறும் லிஃப்ட் கோணம் என்ற எண் கருவியில் சரியாக இருக்க வேண்டும். பல கருவிகள் 52 என்று வந்திருக்கும், 7750க்கு 49. அதை மாற்றாவிட்டால் வீச்சம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், நீங்கள் ஏமாறுவீர்கள். இரண்டு மூன்று நிலைகளில் வைத்துப் பாருங்கள். நிலைக்கு நிலை ஓட்டம் பெரிதாக மாறினால் அது வெறும் திருகலில் தீராது.

உறவினர் அங்கே உங்களுக்காகப் பார்க்கிறார் என்றால் இந்த வரிசையை எழுதி அனுப்பி, காணொளி அழைப்பில் ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லுங்கள். "அத்தான், அவசரப்படாதேங்கோ, அரை மணி ஓடட்டும்" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

7. ஊருக்குக் கொண்டு வருவது

தபாலில் வேண்டாம், ஆள் கையில் கொண்டு வரட்டும். வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதி ஒன்று கையிலும் ஒன்று மின்னஞ்சலிலும் இருக்கட்டும். சுங்கத்தில் மறைக்காதீர்கள். இப்போதைய வரம்பையும் வரியையும் பயணத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள், மாறிக்கொண்டே இருக்கும். மறைத்துக் கொண்டுவந்த மணிக்கூட்டைச் சேர்விஸுக்குத் திரும்ப அனுப்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். சேர்விஸுக்குக் கொண்டுபோகும்போதும் புறப்படும் முன் சுங்கத்தில் கேட்டுப் பதிந்துவிட்டுப் போனால் திரும்பும்போது புதுப் பொருள் என்று வரி கேட்க மாட்டார்கள்.

சுவிஸில் 2024 முதல் பெறுமதி சேர் வரி 8.1 சதவீதம். 300 பிராங்குக்கு மேல் வாங்கினால், அந்த நாட்டில் வசிக்காதவர் வெளியே கொண்டுபோகும்போது இதைத் திருப்பிக் கேட்கலாம். அங்கேயே வசிக்கும் மாமா வாங்கினால் இது கிடைக்காது. நீங்கள் போய் வருவதாக இருந்தால் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

முதலைத் தோல் பட்டி இருந்தால் கழற்றிவிட்டு மாட்டுத்தோல் பட்டி போட்டுக் கொண்டுவாருங்கள். காட்டுயிர் வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் அத்தோலுக்குத் தனிக் காகிதம் கேட்கலாம்.

8. முதல் முறை நாளும் நிலவும் வைப்பது

கையேட்டை வாசித்த பிறகு தொடங்குங்கள். அபாய நேரம் மெஷினுக்கு மெஷின் மாறும். பொது வழி: சாவி கொடுங்கள், முள்ளை முன்னால் திருப்பி நள்ளிரவைக் கண்டுபிடித்துக் காலை ஆறரைக்கு வாருங்கள், நாட்காட்டியை வையுங்கள், கடைசியில் சரியான நேரத்துக்கு வாருங்கள். இப்போது பின்னேரம் என்றால் மதியம் 12ஐத் தாண்டித்தான் நேரத்தை வைக்க வேண்டும். அதை மறந்தால் மத்தியானத்தில் நாள் மாறும்.

நிலவுக்கு, பொத்தானை அழுத்தி முழு நிலவை நடுவில் கொண்டுவாருங்கள். வீட்டுக் கலண்டரில் கடந்த பூரணை எத்தனை நாளைக்கு முன் என்று எண்ணி அத்தனை தடவை அழுத்துங்கள். ஒரு நாள் முன்பின் இருந்தால் அடுத்த பறுவத்தன்று வானத்தைப் பார்த்துத் திருத்தலாம்.

பக்கவாட்டுச் சின்னப் பொத்தான்களுக்கு மணிக்கூட்டோடு வந்த குச்சியையே பயன்படுத்துங்கள். சட்டைப்பின் வழுக்கினால் கேஸில் வாழ்நாள் கீறல். அழுத்தும்போது நேராக, கடைசிவரை அழுத்துங்கள். அரைகுறையாக அழுத்தினால் நாள் இரண்டு எண்ணுக்கு நடுவில் நிற்கும்.

9. எங்கள் வெயிலில் கட்டுவது

வியர்வையும் உப்புக் காற்றும்தான் இங்கே முதல் எதிரிகள். இரவில் கழற்றியதும் பின்மூடியையும் பட்டியையும் மெல்லிய ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றுங்கள். தோல் பட்டி பங்குனி சித்திரையில் சில மாதத்திலேயே நாறிப்போகும். அந்த மாதங்களுக்குத் துணி அல்லது ரப்பர் பட்டி போடுங்கள்.

30 மீற்றர் வரை நீர் புகாது என்று பின்னால் எழுதியிருப்பதை நம்பிக் கிணற்றடியில் குளிக்காதீர்கள். அது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான். கீரிமலைக் கேணிக்கும் கசூரினாக் கடற்கரைக்கும் போகும் நாளில் வீட்டில் விட்டுவிடுங்கள். ஈரமான குரொனோகிராஃபின் பொத்தானை அழுத்தினால் தண்ணீருக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். நல்லூர்த் திருவிழாவில் சந்தனமும் திருநீறும் கையில் பட்டால் பொத்தான் இடுக்கில் போய் இறுகும். அன்றைக்குச் சாதாரண மணிக்கூடு போதும்.

மோட்டார் சைக்கிளில் குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் போகும்போது கழற்றிப் பையில் வையுங்கள். கைபிடியின் அதிர்வு நேராக மணிக்கட்டுக்கு வரும்.

காந்தம் இன்னொன்று. ஒலிபெருக்கி, கைபேசி உறை, கைப்பையின் பூட்டு எல்லாவற்றிலும் காந்தம் உண்டு. நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால், திறக்கக் கொடுக்கும் முன் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஊசி ஆடினால் பலன்ஸ் சில்லை ஆட்டும் நுண்சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. காந்தம் நீக்கும் கருவி மலிவு. பொத்தானை அழுத்தியபடியே மணிக்கூட்டை மெதுவாக ஒரு முழ தூரம் இழுத்த பிறகே விடுங்கள். பக்கத்தில் வைத்திருக்கும்போதே விட்டால் மறுபடி காந்தமேறும்.

10. வைத்திருப்பது

ஐப்பசி கார்த்திகை மழையில் அலுமாரிக்குள் ஈரம் நிற்கும். மூடும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, நிறம் மாறும் வகையாக வாங்கி, மாறியதும் மாற்றுங்கள். வங்கிப் பெட்டகத்தில் வருடக்கணக்கில் பூட்டி வைத்தாலும் எண்ணெய் பழசாகும். மாதம் ஒருமுறை சாவி கொடுத்து ஒரு நாள் ஓட விடுங்கள்.

சுற்றும் பெட்டி, அதாவது வைண்டர், நிரந்தர நாட்காட்டிக்கு மட்டும்தான் உண்மையில் தேவை. கையால் சாவி கொடுக்கும் மணிக்கூட்டுக்கு அது வேலையே செய்யாது. 7750 ஒரு பக்கச் சுழற்சியில் மட்டும் சாவி ஏறும் மெஷின், பிழையான திசையில் சுற்றினால் இரவு முழுக்கச் சுற்றியும் காலையில் நின்றிருக்கும்.

முதல் பக்கத்தில் மூன்று கேள்வி எழுதிய அதே கொப்பியில் வாங்கிய நாள், இலக்கம், டைம்கிராஃபர் எண்கள், சேர்விஸ் நாள் எல்லாம் எழுதி வாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை அளந்தால் வீச்சம் இறங்குவதைக் கண்டு, நிற்பதற்கு முன்பே அனுப்பலாம்.

11. இரண்டாவது எப்போது

குறைந்தது ஒரு வருடம் முதலாவதையே கட்டுங்கள். ஒரு மழை, ஒரு வெயில், ஒரு திருவிழா கடக்கட்டும். அது ஒருமுறையாவது சேர்விஸுக்குப் போய் ஒழுங்காகத் திரும்பி வந்த பிறகு வாங்குவது இன்னும் நல்லது. போக்குவரத்து, ஆள், செலவு எல்லாம் அப்போதுதான் உண்மையாகத் தெரியும். இரண்டாவது வேறு வேலை செய்வதாக இருக்கட்டும். குரொனோகிராஃப் இருந்தால் நிலவோ வருட நாட்காட்டியோ பாருங்கள். வாங்கும் முன், ஒன்றாம் படியில் தேடிய அதே திருத்துபவரிடம் மெஷினின் பெயரைச் சொல்லுங்கள். அவர் தொட மாட்டேன் என்றால் கொப்பியில் அந்த மூன்று கேள்விகளையும் மறுபடி எழுதிப் பதில் தேடுங்கள்.